கடைசி ஓவரை யாரிடம் கொடுப்பது?

“பையனிடம் திறமை இருக்கிறது, ஆனால் பிரஷர் தாங்க மாட்டான்.” குறுவட்டப் போட்டி முடிந்து அணி வேன் ஏறும்போதும், மாவட்ட அணித் தேர்வு நாளன்றும் நம்மிடையே அடிக்கடி காதில் விழும் தீர்ப்பு இது. தாம்பரம், சேலையூர், பெருங்களத்தூர், குரோம்பேட்டை, மேடவாக்கம் என்று இந்தப் பக்கம் முழுவதும் இன்று தனியார் அகாடமிகளும் வாடகை டர்ஃப்களும் பெருகியிருக்கின்றன. உடற்கல்வி, விளையாட்டுப் பல்கலைக்கழகமே மேலக்கோட்டையூரில் நம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. ஆனாலும் ஒரு பெனால்டியைத் தவறவிட்ட மாணவியையும், கடைசி ஓவரில் ஒரு ஃபுல் டாஸ் போட்ட மாணவனையும் அடுத்த ஆட்டத்தில் ஓரமாக உட்கார வைக்கும் வழக்கம் மட்டும் மாறவில்லை.

நெருக்கடியில் நிற்பவர், நெருக்கடியில் சாய்பவர் என்று பிள்ளைகள் இரண்டு வகையாகப் பிறக்கிறார்கள் என்ற நம்பிக்கைதான் இந்த வழக்கத்தின் வேர். அந்த நம்பிக்கை தவறானது; நம் தொழிலுக்கே தீங்கானது. விளையாட்டு வரலாற்றின் மிகச் சிறந்த ‘கடைசி நேர’ வீரர்கள் யார் என்று பட்டியல் போடுவது ரசிகர்களுக்கு இனிய பொழுதுபோக்கு. பயிற்சியாளர்களாகிய நாம் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. அந்த வீரர்கள் அதற்கு முன் எங்கே சறுக்கினார்கள்? சறுக்கிய பிறகு அவர்களை மீண்டும் அதே இடத்தில் நிறுத்தியவர் யார்?

2018 மார்ச் 18, கொழும்பு, நிதாஹாஸ் கோப்பை இறுதி ஆட்டம். வங்கதேசத்துக்கு எதிராகத் தினேஷ் கார்த்திக் கடைசிப் பந்தில் எக்ஸ்ட்ரா கவருக்கு மேல் அடித்த சிக்ஸரைத் தமிழ்நாட்டில் மறந்தவர் இல்லை. 12 பந்துகளில் 34 ரன் தேவைப்பட்டபோது உள்ளே வந்து, 8 பந்துகளில் 29 ரன் எடுத்தார். அன்று மறுமுனையில் நின்றவரும் தமிழ்நாட்டுக்காரர்தான்: விஜய் சங்கர். முஸ்தஃபிசுர் ரஹ்மான் வீசிய 18-ஆவது ஓவரில் அவர் மட்டையில் பந்து படவே இல்லை என்று சொல்லுமளவுக்குத் திணறினார். அந்த ஓவரில் இந்தியாவுக்குக் கிடைத்தது ஒரு லெக் பை மட்டுமே. வெற்றி பெற்ற பிறகும் அவரை நாடே கேலி செய்தது.

அந்தக் கடைசி ஓவரை இன்னொரு முறை பந்து பந்தாகப் பாருங்கள். தேவை 12. முதலில் ஒரு வைட். பிறகு ரன் இல்லாத ஒரு பந்து, அடுத்தடுத்து இரண்டு சிங்கிள்கள். 3 பந்துகளில் 9 ரன் என்ற நிலையில் ஒரு பவுண்டரி வந்தது. அடித்தவர் விஜய் சங்கர். அடுத்த பந்தில் ஆட்டமிழந்தார். அந்தப் பவுண்டரி இல்லாவிட்டால் கார்த்திக்கின் சிக்ஸரால் ஆட்டத்தை வென்றிருக்க முடியாது. முழுத் தோல்வி என்று ஊர் முத்திரை குத்திய இன்னிங்ஸுக்குள்ளேயே ஒரு மீட்சி இருந்தது. அதைப் பார்க்கும் கண் ரசிகருக்கு இல்லாமல் போகலாம். பயிற்சியாளருக்கு இருந்தே ஆக வேண்டும்.

ஓராண்டு கூட முடியவில்லை. 2019 மார்ச் 5, நாக்பூர். ஆஸ்திரேலியாவுக்குக் கடைசி ஓவரில் 11 ரன் தேவை. அன்று அதற்கு முன் ஒரே ஓவர் வீசி 13 ரன் கொடுத்திருந்த விஜய் சங்கரிடம் பந்து வந்தது. முதல் பந்தில் ஸ்டாய்னிஸ் எல்பிடபிள்யூ. மூன்றாவது பந்தில் ஸாம்பா போல்டு. இந்தியா 8 ரன்னில் வென்றது. ஸ்டம்பைக் குறிவைத்துப் போடு என்பதுதான் பும்ரா அவருக்குச் சொன்ன ஆலோசனையின் சாரம். அதே ஆண்டு ஜூனில் உலகக் கோப்பையில் பாகிஸ்தானுக்கு எதிராக, காயமடைந்த புவனேஷ்வரின் ஓவரை இடையில் வாங்கி வீசிய முதல் பந்திலேயே இமாம் உல் ஹக்கின் விக்கெட்டை எடுத்தார். கொழும்பில் திணறியவரும் நாக்பூரில் வென்று கொடுத்தவரும் ஒரே ஆள்தான். இடையில் அணி அவரைக் கைவிட்டிருந்தால் இரண்டாவது ஆளை நாம் பார்த்தே இருக்க மாட்டோம்.

இன்னொரு சான்று நம் செங்கல்பட்டு மாவட்டத்திலேயே நடந்தது. 2022-இல் மாமல்லபுரத்தில் நடந்த 44-ஆவது செஸ் ஒலிம்பியாடில், இந்திய ‘பி’ அணியின் முதல் பலகையில் ஆடிய 16 வயது குகேஷ், தொடர்ந்து 8 ஆட்டங்களை வென்றிருந்தார். பத்தாவது சுற்றில் எதிரே உஸ்பெகிஸ்தானின் அப்துசத்தாரோவ். வெல்லும் நிலையில் இருந்த குகேஷ், கடிகாரம் துரத்திய நேரத்தில் ஒரே நகர்த்தலில் எல்லாவற்றையும் இழந்தார். அணிகளுக்கிடையிலான ஆட்டம் 2-2 என்று சமனில் முடிந்தது. அந்த ஒரு பலகையில் டிரா கிடைத்திருந்தாலே இந்திய ‘பி’ வென்றிருக்கும். இறுதியில் தங்கம் உஸ்பெகிஸ்தானுக்குப் போனது.

மறுநாளே கடைசிச் சுற்று. பயிற்சியாளர் ஆர்.பி.ரமேஷின் அணியில் முதல் பலகையில் மீண்டும் குகேஷ்தான் உட்கார்ந்தார். ஜெர்மனியின் கெய்மருடன் டிரா செய்தார். அணி வெண்கலம் வென்றது. செஸ் வரலாற்றில் இது சிறு குறிப்பாகவே நிற்கும். பயிற்சி வரலாற்றில் அந்த மறுநாள் காலையின் அணிப் பட்டியலுக்குப் பெரிய இடம் உண்டு.

குகேஷ் அதற்குப் பிறகும் சறுக்கினார். 2024 ஏப்ரலில் டொரன்டோ கேண்டிடேட்ஸ் போட்டியின் ஏழாவது சுற்றில் ஃபிரூஜாவிடம் நேர நெருக்கடியில் தோற்றார். அந்தத் தோல்விதான் தன் திருப்புமுனை என்று பின்னர் அவரே சொன்னார். போட்டியை வென்று உலகப் பட்டத்துக்குச் சவால் விடும் உரிமையைப் பெற்றார். செப்டம்பரில் புடாபெஸ்ட் ஒலிம்பியாடில் முதல் பலகையில் 10 ஆட்டங்களில் 9 புள்ளிகள் எடுத்து இந்தியாவின் தங்கத்துக்கு முன்னின்றார். சிங்கப்பூரில் டிங் லிரனுக்கு எதிரான உலகச் சாம்பியன் போட்டியில் முதல் ஆட்டத்தையே தோற்றார். பிறகு சமன் செய்து, பதினோராவதை வென்று முன்னிலை பெற்று, பன்னிரண்டாவதில் அதையும் இழந்தார்.

டிசம்பர் 12, பதினான்காவது ஆட்டம். கருப்புக் காய்கள், ஒரே ஒரு சிப்பாய் கூடுதல், பலரும் டிரா என்று முடிவு கட்டிய நிலை. டிரா ஆகியிருந்தால் மறுநாள் வேக ஆட்டங்களில் பட்டம் முடிவாகியிருக்கும். குகேஷ் நகர்த்திக்கொண்டே இருந்தார். எதிராளியை ஒவ்வொரு முறையும் யோசிக்க வைத்துக்கொண்டே இருந்தார். 55-ஆவது நகர்த்தலில் டிங் யானையைத் தவறான கட்டத்துக்குக் கொண்டுபோனார். பிஷப்புகளும் வெட்டுப்பட்டால் வெறும் சிப்பாய் ஆட்டம், அதில் கருப்புக்கு வெற்றி என்பதைக் குகேஷ் உடனே கண்டார். 18 வயதில் உலகச் சாம்பியன். அதிரடியான காய் பலி எதுவும் அங்கே இல்லை. களைத்த பிறகும் வேலையை நிறுத்தாமல் இருந்ததுதான் அங்கே நடந்த சாதனை. அதைப் பழக்க முடியும்; நம் கையில் இருப்பதும் அதுதான்.

உலகெங்கும் இதே கதைதான். 1986-இல் ஷார்ஜாவில் மியான்தாத் அடித்த கடைசிப் பந்து சிக்ஸரோடு சேத்தன் ஷர்மாவின் பெயர் ஒட்டிக்கொண்டது. அடுத்த ஆண்டே உலகக் கோப்பை வரலாற்றின் முதல் ஹாட்ரிக்கை எடுத்தவரும் அவர்தான். ஆட்டத்தை முடிக்கும் எறிதல் தன்னிடம் ஒப்படைக்கப்பட்டு 26 முறை தவறவிட்டதாக மைக்கேல் ஜோர்டன் 1997-இல் ஒரு விளம்பரத்தில் சொன்னார். அதற்குப் பிறகும் பந்து அவரிடமே போனது. 1998 இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டத்தை 5.2 விநாடிகள் மீதமிருக்க அவர் முடித்தார். மகத்தான கடைசி நேர வீரர்கள் எல்லோருக்கும் பொதுவாக அமைந்தது திரும்பத் திரும்பக் கிடைத்த வாய்ப்பு.

ஆராய்ச்சியும் இதற்கு ஒத்தே பேசுகிறது. 1977-இல் ரிச்சர்ட் கிரேமர் அமெரிக்க பேஸ்பால் புள்ளிவிவரங்களை ஆராய்ந்தபோது, ஒரு பருவத்தில் நெருக்கடி வீரர்களாகத் தெரிந்தவர்கள் அடுத்த பருவத்தில் அப்படித் தொடரவில்லை என்று கண்டார். அந்த விவாதம் இன்றும் தொடர்கிறது. ஆனால் ஓரிரு ஆட்டங்களை வைத்து ஒருவருக்கு முத்திரை குத்தக் கூடாது என்ற பாடத்தை யாரும் அசைக்கவில்லை.

தடுமாற்றம் ஏன் வருகிறது? யெர்க்ஸ்-டாட்ஸன் விதியையும் அதன் தலைகீழ் ‘யு’ வளைவையும் பயிற்சிக் கல்லூரியில் எல்லோரும் படித்திருக்கிறோம். கிளர்ச்சி அளவோடு இருந்தால் ஆட்டம் சிறக்கும், மிகுந்தால் சரியும். சரிவின் வழி ஒன்றைச் சியான் பைலாக்கும் தாமஸ் காரும் 2001-இல் கோல்ஃப் பட்டிங் சோதனையில் காட்டினார்கள். கை தானாகச் செய்யப் பழகிய வேலையை, பயத்தில் மனம் ஒவ்வொரு படியாகக் கண்காணிக்கத் தொடங்கும்போது ஓட்டம் உடைகிறது. வீடியோ கேமரா பார்த்துக்கொண்டிருக்கப் பழகியவர்கள் அப்படி உடையவில்லை. நெதர்லாந்தில் ஊடெயான்ஸும் பைபர்ஸும் ஏறுசுவரில் நிற்க வைத்து டார்ட் எறியப் பழக்கினார்கள். மெல்லிய பதற்றத்தோடு பழகியவர்களின் குறி, பதற்றம் ஏறிய தேர்விலும் தப்பவில்லை. பெனால்டி உதைகளை ஆராய்ந்த நார்வேயின் கெய்ர் யோர்டெட், விசில் ஊதியதும் அவசரமாக ஓடி உதைத்தவர்கள் அதிகம் தவறவிட்டதைக் கண்டார்.

இவற்றை நம் மைதானத்துக்குக் கொண்டுவரச் செலவு அதிகம் இல்லை. வாரத்தில் ஒரு நாள் பயிற்சியின் கடைசி இருபது நிமிடங்களை நெருக்கடிக்கு ஒதுக்குங்கள். பத்துப் பந்து வாய்ப்பு வேண்டாம். ஒரே பந்து, ஒரே உதை, ஒரே சர்வீஸ். ஸ்கோரைச் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். முக்காலியில் ஒரு செல்போனை நிறுத்திப் படமெடுங்கள். மற்ற மாணவர்களைச் சுற்றி நிற்க வைத்துச் சத்தம் போடச் சொல்லுங்கள். கபடி பயிற்சியாளர்களுக்கு விதியிலேயே வழி இருக்கிறது: இரண்டு வெற்று ரெய்டுகளுக்குப் பிறகு வரும் ‘டூ ஆர் டை’ ரெய்டு. பயிற்சியின் ஒரு பகுதி முழுவதையும் அந்த ரெய்டுகளாகவே நடத்தலாம். 2025-இல் பஹ்ரைனில் ஆசிய இளையோர் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் கபடி அணியில் கண்ணகி நகர்க் கார்த்திகா ஆடியதைப் பார்த்த பிறகு, இந்தப் புறநகர்த் தெருக்களில் தரம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

அடுத்தது, செயலுக்கு முன் ஒரு மாறாத ஒழுங்கு. பந்தைத் துடைப்பது, இரண்டு மூச்சு, குறியைப் பார்ப்பது, பிறகு ஓட்டம். சாதாரண பயிற்சியில் இதைத் தவறாமல் செய்பவருக்கு, இறுதி ஆட்டத்தில் மனத்தைப் பிடித்து நிறுத்த ஓர் இடம் கிடைக்கும். நெருக்கடி நேரத்தில் நாம் சொல்வதும் ஒரே வாக்கியமாக இருக்கட்டும். எல்லைக் கோட்டில் நின்று முழங்கையையும் கால் வைப்பையும் திருத்துவது, பைலாக் காட்டிய அதே விபத்தை நாமே வரவழைப்பதாகும்.

மூன்றாவதே மிக முக்கியம்: சறுக்கியவரை விரைவில் அதே பொறுப்பில் நிறுத்துவது. தோற்ற அன்றே விசாரணை வேண்டாம். மறுநாள் உட்கார்ந்து பேசும்போது “ஏன் பயந்தே?” என்று கேட்காமல், “என்ன பார்த்தே? என்ன முடிவெடுத்தே?” என்று கேளுங்கள். முதல் கேள்விக்குப் பிள்ளையிடம் பதில் இருக்காது. இரண்டாவதற்கு இருக்கும், அந்தப் பதிலில் திருத்த வேண்டியதும் தெரியும். பெற்றோரிடமும் இதையே சொல்லுங்கள். வீடு திரும்பும் வழியெல்லாம் அந்த ஒரு பந்தைப் பற்றியே பேசினால், நம் ஒரு வார உழைப்பு வண்டியிலேயே கரைந்துவிடும்.

சில எச்சரிக்கைகளும் தேவை. நெருக்கடிப் பயிற்சி என்பது திட்டுவதோ, தோற்றவரை மைதானம் சுற்றி ஓட வைப்பதோ, நண்பர்கள் முன் அவமானப்படுத்துவதோ அல்ல. ஆய்வுகளில் பயன்பட்டது மெல்லிய பதற்றம்தான். அளவு மீறினால் பிள்ளை விளையாட்டையே விட்டுப் போய்விடும். அடிப்படைத் திறன் இன்னும் கைவராத சிறுவர்களுக்கு இது வேண்டவே வேண்டாம். உறக்கம் கெட்டு, சாப்பாடு குறைந்து, மைதானத்துக்கு வரவே அஞ்சும் மாணவருக்குத் தேவை மனநல உதவி. அதைப் பயிற்சியால் ஈடுகட்ட முயலக் கூடாது.

இயல்பில் வேறுபாடே இல்லையா என்று அனுபவமுள்ள பயிற்சியாளர்கள் கேட்பார்கள். உண்டு. சிலர் இளமையிலேயே நிதானமாக இருப்பார்கள். அதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். ஆனால் பதினான்கு வயதில் தெரியும் நிதானம் தொடக்கப் புள்ளி மட்டுமே. உயரத்தையும் வேகத்தையும் தொடக்கத்தில் அளந்தாலும் வளர்த்தெடுக்கிறோம் அல்லவா? மனத்திண்மையை மட்டும் ஒருமுறை அளந்துவிட்டுக் கோப்பை மூடுவது ஏன்? கோப்பைக்காக ஆடும் ஆட்டத்தில் நிதானமானவரிடமே பந்தைக் கொடுக்கலாம்; அதில் தவறில்லை. ஆண்டு முழுவதும் ஆடும் நட்பு ஆட்டங்களிலும் லீக் ஆட்டங்களிலும் கூட அவரிடமே கொடுத்தால், மற்றவர்கள் கற்பது எப்போது?

எனவே இந்தப் பருவத்துக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த குறுவட்டப் போட்டிக்கு அணிப் பட்டியல் எழுதும் முன், சென்ற முறை கடைசி நேரத்தில் தவறவிட்டவரின் பெயரை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். அவரைச் சேர்க்கவில்லை என்றால் காரணத்தைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். வேகம் போதவில்லை, காயம், வருகை குறைவு என்று எழுத முடிந்தால் அது நியாயமான காரணம். ‘பயந்துவிட்டான்’, ‘பயந்துவிட்டாள்’ என்பதைத் தவிர வேறெதுவும் எழுத வரவில்லை என்றால், பட்டியலைத் திருத்தி அந்தப் பெயரைச் சேருங்கள்.

– ஆசிரியர்