லாக்கப் சாவு: விசாரிப்பது யார்?

போலீஸ் காவலில் ஒருவர் இறந்துவிட்டால், "விசாரணைக்கு உத்தரவிடப்பட்டுள்ளது" என்று உடனே அறிவிப்பு வருகிறது. யார் விசாரிக்கிறார்கள், அதுவரை தடயங்கள் யார் கையில் இருக்கும் என்பதை அறிவிப்பு சொல்வதில்லை. வழக்கின் கதி அதில்தான் இருக்கிறது.

ஒரிஸ்ஸாவில் சுந்தர்கர் மாவட்டத்தில், 1987 டிசம்பர் 1-ம் தேதி, திருட்டு வழக்கு ஒன்றில் 22 வயது இளைஞரைப் போலீசார் பிடித்துச் சென்றனர். மறுநாள் அவர் பிணம் ரயில் பாதையில் கிடந்தது. இரவில் தப்பி ஓடி ரயிலில் அடிபட்டுவிட்டார் என்றது போலீஸ். ஆனால் தப்பியவரைத் தேடியதற்கு நம்பத்தக்க சாட்சியம் எதுவும் இல்லை. காலையிலேயே ரயில்வே ஊழியர்கள் பிணத்தைக் கண்டும், போலீசார் அங்கு போய்ச் சேர்ந்தது வெகு நேரத்துக்குப் பிறகு. தாய் எழுதிய கடிதத்தையே சுப்ரீம் கோர்ட்டு மனுவாக ஏற்றது. ஜில்லா நீதிபதியை விசாரிக்கச் சொன்னது. காவலில் ஏற்பட்ட காயங்களால்தான் சாவு என்று அவர் கண்டார். 1993-ல் ஒன்றரை லட்சம் ரூபாய் நஷ்ட ஈடு வழங்க உத்தரவாயிற்று. உண்மை வெளிவந்தது, போலீஸ் அல்லாத ஒருவர் விசாரித்ததால்.

இதற்குச் சட்டத்தில் இடம் கிடைக்க மேலும் 13 ஆண்டுகள் ஆயின. காவல் சாவுகளை ஜுடீஷியல் மாஜிஸ்டிரேட் விசாரித்தே ஆக வேண்டும் என்ற திருத்தம் 2006-ல் அமலுக்கு வந்தது. 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள புதிய சட்டத்திலும் அது இருக்கிறது. ஆனால் போலீஸ் புலன்விசாரணைக்குக் "கூடுதலாக" என்றுதான் சட்டம் சொல்கிறது; அதற்குப் பதிலாக அல்ல. மாஜிஸ்டிரேட்டுக்குச் சொந்தமாக ஒரு கான்ஸ்டபிள்கூடக் கிடையாது. 'என்கவுன்ட்டர்' சாவுகளை சி.ஐ.டி. அல்லது வேறு ஸ்டேஷன் போலீசார் விசாரிக்க வேண்டும் என்று 2014-ல் சுப்ரீம் கோர்ட்டு விதித்தது. வேறு ஸ்டேஷன்தான், ஆனால் இலாகா ஒன்றே.

2020-ல் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் இறந்தபோது நடந்தது இன்னும் தெளிவானது. ஸ்டேஷனுக்குச் சென்ற மாஜிஸ்டிரேட், போலீசார் ஒத்துழைக்கவில்லை என்று அறிக்கை அனுப்பினார். கேமராப் பதிவுகள் தினமும் தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்தன. மதுரை ஹைக்கோர்ட்டு ஒரு காரியம் செய்தது: தடயங்களைக் காக்க, அந்த ஸ்டேஷனையே ரெவின்யூ அதிகாரிகளின் கட்டுப்பாட்டில் வைக்கச் சொன்னது. சி.பி.ஐ. வந்து சேர்ந்தது அதன் பிறகுதான்.

எல்லா ஸ்டேஷன்களிலும் கேமரா வைத்து, பதிவுகளை 18 மாதம், முடியாவிட்டால் குறைந்தது ஓராண்டு காக்க வேண்டும் என்று அதே ஆண்டு டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. ஐந்தாண்டு ஆவதற்குள், 2025 செப்டம்பரில், ராஜஸ்தான் காவல் சாவுகள் பற்றிய பத்திரிகைச் செய்தியைப் பார்த்து, கேமராக்கள் இயங்காதது குறித்துத் தானாகவே வழக்கு எடுக்க வேண்டியதாயிற்று. மனிதர் கை படாத கட்டுப்பாட்டு அறை ஒன்றில் இருந்து கேமராக்களைக் கண்காணிக்கலாமா என்ற யோசனை அப்போது எழுந்தது.