மேலமாசி வீதியில் ஒரு மாடிப்படி

மதுரைக்கு வெளியூரிலிருந்து விருந்தாளி வந்தால் காட்டுவதற்கு எல்லார் வீட்டிலும் ஒரு ரெடிமேட் லிஸ்ட் இருக்கும். காலையில் மீனாட்சி அம்மன் கோயில், அப்புறம் திருமலை நாயக்கர் மஹால், சாயங்காலம் தெப்பக்குளம், நடுவில் ஒரு ஜிகர்தண்டா. இன்னொரு நாள் கையில் இருந்தால் அழகர்கோயில், காந்தி மியூசியம். லிஸ்டைக் குறை சொல்ல முடியாது. ஆனால் உலகத்தின் எந்த மூலையில் காந்தி சிலை வைத்தாலும் அநேகமாக அதில் மதுரை இருக்கும். முகத்திலோ கைத்தடியிலோ இல்லை, உடையில். அந்த உடை பிறந்த வீடு இந்த ஊரின் நட்டநடுவில் இருக்கிறது. லிஸ்டில்தான் இல்லை.

மேலமாசி வீதியை மதுரைக்காரர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஸ்டேஷனுக்கும் கோயிலுக்கும் நடுவே இருக்கிற கடைத்தெரு. அங்கே கதர் கடை இருக்கிற கட்டடம்தான் அந்த வீடு. கீழே துணி வியாபாரம். மாடியில் காந்தி தங்கிய இடம், ஒரு சின்ன நினைவிடமாக. கதர் சட்டை எடுக்க வந்து, பில் போட்டுக்கொண்டு, மாடி என்று ஒன்று இருப்பதே தெரியாமல் திரும்பிப் போகிறவர்கள் உண்டு.

1921 செப்டம்பரில் அது ராம்ஜி கல்யாண்ஜி என்கிற குஜராத்தி வியாபாரியின் வீடு. காந்தி அங்கேதான் தங்கினார். செப்டம்பர் 22ஆம் தேதி குல்லாவையும் மேல்சட்டையையும் கழற்றிவிட்டு, இடுப்பில் ஒரு துண்டு வேட்டி மட்டும் என்று முடிவு செய்தார். குளிருக்கு வேண்டுமானால் ஒரு போர்வை. இது ஸ்கூல் புத்தகத்திலேயே இருக்கிற விஷயம்தான். 'ஏழை விவசாயிகளைப் பார்த்து மனம் இரங்கி உடையை மாற்றினார்' என்று ஒரே வரியில் படித்து, இரண்டு மார்க் கேள்விக்கு எழுதிவிட்டு எல்லோரும் மறந்திருப்பார்கள்.

அந்த ஒரு வரியில்தான் கோளாறு. அது இரக்கக் கதை மட்டுமில்லை, அதில் ஒரு விலைக் கணக்கு இருக்கிறது. காமர்ஸ் படிக்கிற பிள்ளைகள் இதைக் கவனிக்கலாம். அந்த வருஷம் ஜூலை 31ஆம் தேதி பம்பாயில் அந்நியத் துணிகளைக் குவித்து எரித்தார்கள். வெளிநாட்டுத் துணியை விடு, கதர் கட்டு என்று ஊர் ஊராகப் பிரச்சாரம். மதுரைக்கு ரயிலில் வரும்போது, அந்நியத் துணி உடுத்தியிருந்த சக பயணிகளிடம் காந்தி பேச்சுக் கொடுத்தார். அவர்கள் தலையை ஆட்டினார்கள், கதர் வாங்குகிற அளவுக்கு எங்களுக்கு வசதியில்லை என்றார்கள். யோசித்துப் பார்த்தால் அது முழுக்க முழுக்க நியாயமான பதில். கைநூற்புத் துணி மில் துணியைவிட விலை கூட. பழைய துணியை எரிக்கச் சொல்கிற தலைவர், புதுத் துணிக்கு யார் காசு கொடுப்பது என்பதற்கும் பதில் சொல்லித்தானே ஆகவேண்டும்?

விலையைக் குறைக்க அவரால் முடியாது. அளவைக் குறைக்கலாம். கதரில் முழு உடைக்கு வழியில்லாதவர்கள் துண்டு வேட்டியோடு நிறுத்திக்கொள்ளலாம், அது அவமானம் கிடையாது என்று சொல்லவேண்டும். அதைச் சட்டை போட்டுக்கொண்டு சொன்னால் யார் கேட்பார்கள்? அதனால் முதலில் அவரே கழற்றினார்.

இது ஒரே ராத்திரியில் தோன்றிய யோசனையும் இல்லை. வங்காளத்தில் குல்னா பஞ்சத்தைப் பற்றிக் கேள்விப்பட்டபோது ஒருமுறை, வால்டேரில் மௌலானா முகமது அலி கைதானபோது இன்னொருமுறை என்று இரண்டு தடவை அந்த எண்ணம் வந்து, இரண்டு தடவையும் தயங்கியதாக அவரே எழுதியிருக்கிறார். மூன்றாவது தடவை மதுரையில் தயக்கம் போய்விட்டது. கூட இருந்த ராஜாஜி போன்றவர்களுக்கு இது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. இன்னொரு வேடிக்கை, அன்று வெளியிட்ட அறிக்கையில் அவர் சொன்ன கெடு அக்டோபர் 31 வரைக்குமாவது என்பதுதான். அதாவது ஐந்து, ஆறு வாரத்துக்கு ஒரு டிரையல்! அந்த டிரையல் 1948 ஜனவரி 30 வரை ஓடியது. நடுவில் 1931இல் அதே உடையோடு பக்கிங்ஹாம் அரண்மனைக்குள் போய் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரையும் பார்த்துவிட்டு வந்தது.

முடிவு எடுத்த இடமும் சும்மா ஒரு ஊர் இல்லை. நெசவு ஊர். சௌராஷ்டிர நெசவாளர்களும் சுங்குடியும் இருக்கிற ஊர். 1890களிலேயே ஹார்வி சகோதரர்களின் மதுரா மில்ஸ் வந்துவிட்ட ஊர். கைத்தறிக்கும் மில்லுக்கும் நடுவிலான சண்டையை இங்கே யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியிருந்திருக்காது.

சரி, காந்தி மியூசியத்துக்கு வருவோம். தமுக்கத்தில் இருக்கிற அந்தக் கட்டடத்தை ராணி மங்கம்மாளின் கோடை அரண்மனை என்பார்கள். பிறகு வெள்ளைக்காரக் கலெக்டர்கள் குடியிருந்தார்கள். 1955இல் மாநில அரசு அதை காந்தி நினைவு நிதிக்குக் கொடுத்தது, 1959 ஏப்ரல் 15ஆம் தேதி நேரு திறந்துவைத்தார். சுதந்திரப் போராட்டப் படங்கள், காந்தியின் வாழ்க்கைப் புகைப்படங்கள், அவர் பயன்படுத்திய பொருட்கள், வெளியே சேவாகிராம் குடிலின் மாதிரி எல்லாம் உண்டு. ஆனால் போய் வந்தவர்களைக் கேட்டால் முக்கால்வாசிப் பேருக்கு ஞாபகம் இருப்பது ஒரே பொருள். சுடப்பட்ட அன்று அவர் உடுத்தியிருந்த, ரத்தக்கறை படிந்த அந்தத் துணி. அதன் முன்னால் ஸ்கூல் பிள்ளைகளின் கூச்சல்கூடக் கொஞ்சம் அடங்கும்.

இப்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். வைகைக்குத் தெற்கே ஒரு மாடியில் அந்த உடை ஆரம்பிக்கிறது. வைகைக்கு வடக்கே ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் முடிகிறது. நடுவில் சில கிலோமீட்டர்தான் தூரம். ஒரு மனிதனின் உடைக்கு முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் ஒரே ஊரில் கிடைப்பது எவ்வளவு அபூர்வம்! இதை மதுரை எப்படி வைத்திருக்கிறது என்றால், கடைசிப் பக்கத்தைக் கண்ணாடி போட்டு வைத்துவிட்டு முதல் பக்கத்தைக் கல்லாப்பெட்டிக்கு மேல் மாடியில் வைத்திருக்கிறது.

இதற்கு ஒரு காரணம், பழம்பொருள் என்றால் என்ன என்று நம் ஊரில் இருக்கிற நினைப்பு. தூண் இருக்கவேண்டும், சுதை வேலைப்பாடு இருக்கவேண்டும், நாலு ராஜாவாவது வாழ்ந்திருக்கவேண்டும். நாயக்கர் மஹாலோடு போட்டி போட்டால் ஒரு வியாபாரி வீடு தோற்கத்தான் செய்யும். அக்கவுண்டன்சி முறைப்படி பார்த்தால் இன்னும் மோசம். நூறு வருஷத்துக்கு மேல் தேய்மானம் கழித்த கட்டடத்துக்குப் புத்தக மதிப்பு என்று ஒன்று மிஞ்சுமா? அங்கே நடந்ததற்கு எந்த பேலன்ஸ் ஷீட்டிலும் காலம் கிடையாது.

இதே மாதிரி வியாபாரி வீட்டை வேறு ஊர்க்காரர்கள் எப்படி வைத்திருக்கிறார்கள் என்பதற்கு மும்பை மணி பவன் உதாரணம். ரேவாசங்கர் ஜவேரி என்கிற குஜராத்தி வியாபாரியின் வீடு. 1917 முதல் 1934 வரை மும்பை போனால் காந்தி தங்குமிடம் அதுதான். அவருடைய அறை, ராட்டைகள் எல்லாவற்றையும் வைத்து வீட்டையே மியூசியமாக்கினார்கள். 1959இல் இந்தியா வந்த மார்ட்டின் லூதர் கிங் அங்கே தங்கினார். 2010இல் ஒபாமா போனபோது கிங் எழுதிய பழைய விருந்தினர் குறிப்பேட்டைக் காட்டினார்கள்.

அந்தக் கிங் பிறந்த வீட்டின் கதைதான் மதுரைக்கு ரொம்ப உபயோகமானது. தேசியப் பூங்கா என்றால் இங்கே கிண்டி, முதுமலை, ராமநாதபுரம் பக்கத்து மன்னார் வளைகுடா என்று மானும் யானையும் பவளப்பாறையும்தான் நினைவுக்கு வரும். அமெரிக்காவில் 1916இல் தொடங்கிய தேசியப் பூங்கா சேவைத் துறையிடம் 400க்கும் மேற்பட்ட இடங்கள் இருக்கின்றன. அதில் காடு மலை மட்டும் கிடையாது, போர்க்களம் உண்டு, சுதந்திர தேவி சிலை உண்டு, சாதாரண வீடுகளும் உண்டு. அட்லாண்டாவில் ஆபர்ன் அவென்யூவில் 1929இல் கிங் பிறந்த இரண்டு மாடி வீடு அந்த வகை. காட்டில் கரடியைப் பற்றிச் சொல்கிற அதே தொப்பி போட்ட ரேஞ்சர், இங்கே ஒரு குடும்பத்தின் சாப்பாட்டு மேஜையைப் பற்றிச் சொல்கிறார்!

2023இல் பெரிய மராமத்துக்காக மூடும்வரை அங்கே நடந்த முறை எளிமையானது. டிக்கெட் கிடையாது. ஒரு நேரத்தில் சின்னக் கும்பல்தான் உள்ளே போகலாம், அதுவும் ரேஞ்சர் கூட. அந்தக் காலத்து மேஜை நாற்காலி, பிள்ளைகள் அறையில் விளையாட்டுச் சாமான், பியானோ வகுப்பிலிருந்து தப்பிக்கப் பிள்ளைகள் செய்த குறும்பு. பழம்பொருளாகப் பார்த்தால் பெரிய விலை போகாது. ஆனால் அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று ஒருவர் கதை சொல்கிறார். சின்னப் பிள்ளைகள் பயிற்சித்தாளைப் பூர்த்தி செய்தால் ஜூனியர் ரேஞ்சர் பேட்ஜ் கொடுக்கிறார்கள்.

இதில் முக்கியமான சங்கதி உரிமை. அந்த இடம் 1980லேயே பூங்கா அமைப்புக்குள் வந்துவிட்டது. வீடு பூங்காத் துறை கைக்குப் போனது 2018 இறுதியில்தான். அதுவரை வீடு கிங் குடும்பத்தார் நடத்திய கிங் சென்டருடையது, சுற்றிக்காட்டும் வேலை பூங்காத் துறையுடையது. கிட்டத்தட்ட 40 வருஷம் இப்படி இரண்டு கை சேர்ந்து ஓட்டியிருக்கிறார்கள்.

மேலமாசி வீதி பற்றிப் பேச ஆரம்பித்தாலே வருகிற முதல் பதில் "அது கதர் துறை இடம், மியூசியம் வேற நிர்வாகம்" என்பது. இருக்கட்டும். யாரும் யாரிடமும் எதையும் எழுதிக் கொடுக்க வேண்டாம். கடை கடையாகவே இருக்கட்டும். சொல்லப்போனால் அந்தக் கடையைக் காலி செய்யச் சொல்வதுதான் பெரிய தப்பு. மியூசியம் வைத்திருக்கிறவர்கள் எல்லாம் சாவிக்கொத்தும் காபி கோப்பையும் விற்க வாசலில் கடை போடுகிறார்கள். இங்கே என்ன காரணத்துக்காக அந்த முடிவு எடுக்கப்பட்டதோ அதே துணி, அதே வீட்டில் விற்கிறது. கதர் இன்றைக்கும் எதனால் விலை கூட என்பதைக் கீழே மீட்டரைக் காட்டிச் சொல்லிவிட்டு, மாடிக்குக் கூட்டிப்போனால் ஒரு மணி நேரப் பாடம் தயார்.

சொல்வதற்கு ஆள் வேண்டும், அவ்வளவுதான். ரேஞ்சருக்கு நம் ஊரில் சம்பளம் யார் கொடுப்பார் என்று கேட்பது நியாயம். மதுரையில் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. ஒவ்வொரு கல்லூரியிலும் என்.எஸ்.எஸ். இருக்கிறது. வருஷா வருஷம் புல் பிடுங்கி மணிநேரம் சேர்க்கிற பிள்ளைகளில் இருபது பேர் சனி, ஞாயிறு முறை வைத்து இங்கே நின்றால் போதாதா? காந்தி மியூசியத்தில் காந்தியச் சிந்தனை வகுப்பெல்லாம் நடத்திப் பழக்கம் இருக்கிறது, இந்த இருபது பேருக்குச் சொல்லித்தருவது அவர்களுக்குப் பெரிய வேலை இல்லை.

காலையில் மேலமாசி வீதியில் ஆரம்பிக்கலாம். அங்கிருந்து மீனாட்சி அம்மன் கோயில். அங்கே ஒரு பெரிய கதை இருக்கிறது. எல்லாச் சாதியினரையும் உள்ளே விடாதவரை அந்தக் கோயிலுக்குள் போகமாட்டேன் என்று இருந்தவர் காந்தி. 1939 ஜூலை 8இல் வைத்தியநாத அய்யர் ஆலயப் பிரவேசம் நடத்திய பிறகு, 1946இல் மதுரை வந்தபோதுதான் உள்ளே போனார். அடுத்து காமராஜர் சாலை காந்தி பொட்டல், புது உடையோடு முதன்முதலில் கூட்டத்தின் முன் வந்த இடம். கடைசியாக ஆற்றைத் தாண்டித் தமுக்கம். மாடி அறையைப் பார்த்துவிட்டு வந்து அந்த ரத்தக்கறைத் துணியைப் பார்க்கிற பிள்ளைக்கு, அது வெறும் சோகமான துணியாகத் தெரியாது.

2021இல் அந்த முடிவுக்கு நூறு வயது ஆனது. நூறாவது வருஷம் மாலை போடுவது சுலபம், நூற்றிச்சொச்சமாவது வருஷங்களில் ஒரு சாதாரண ஞாயிற்றுக்கிழமை அங்கே யார் நிற்கிறார்கள் என்பதுதான் கேள்வி. வருகிற பிள்ளைகளிடம் தேதியெல்லாம் கேட்கவேண்டாம். அந்த மாடியில் நிற்கவைத்து, "இப்ப கீழே தெருவில் கூட்டம் நிக்குது. நீ சட்டை இல்லாம இறங்கிப் போகணும். போவியா?" என்று கேட்டால் போதும்.

அட்லாண்டா பூங்காவிலும் ஒரு காந்தி சிலை இருக்கிறது. 1998இல் இந்தியாவிலிருந்து கொடுத்தது. கிங்கின் வீட்டைப் பார்க்கப் போகிறவர்கள் அதையும் பார்க்கிறார்கள். கைத்தடி ஊன்றி நடக்கிற காந்தி. தோளில் ஒரு போர்வை, இடுப்பில் ஒரு துண்டு வேட்டி.

அந்த வேட்டியின் வீட்டுக்குப் போக வழி கேட்டால், பெரியார் பஸ் ஸ்டாண்டில் இறங்கி நடக்கிற தூரம்தான். கதர் கடை எது என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மாடிப்படி எங்கே என்பதைக் கடைக்குள் கேட்டுக்கொள்ளவேண்டும்.