நியூஸ் என்றால் நான்கு திசை அல்ல



இந்த வாரமும் அந்தச் செய்தி என் வாட்ஸ்அப்பிற்கு வந்துவிட்டது. நார்த், ஈஸ்ட், வெஸ்ட், சவுத் என்ற நான்கு திசைகளின் முதலெழுத்துகள் சேர்ந்து 'நியூஸ்' ஆனதாம். அனுப்பியவர்களில் இரண்டு பேர் ஆசிரியர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

அது உண்மையல்ல. 'நியூ' என்றால் புதியது. புதியவை, புதுச் சங்கதிகள் என்ற பொருளில் அதன் பன்மையாக வந்ததுதான் நியூஸ். பிரெஞ்சு மொழியிலும் செய்திக்கு இப்படித்தான் சொல். முதலெழுத்துகளைக் கோத்துச் சொல் செய்யும் வழக்கம் ஆங்கிலத்தில் பெருகியது 20ஆம் நூற்றாண்டில். ரேடார் அப்படிப் பிறந்தது. நியூஸ் அதற்குப் பல நூறு ஆண்டுகள் மூத்தது.

"இருக்கட்டும் சார், பிள்ளைகள் மனசில் பதியுதே" என்பார்கள். எனக்கு உடன்பாடில்லை. பதிந்த பொய்யைப் பிறகு யார் அழிப்பது? உண்மைக் கதை மட்டும் சுவை குறைந்ததா என்ன?

'விண்டோ'வை எடுத்துக்கொள்ளுங்கள். வைக்கிங்குகளின் பழைய நார்ஸ் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொல். பொருள், காற்றுக்கண். நம் சிலப்பதிகாரத்தில் சன்னலுக்குக் 'காலதர்' என்று பெயர். கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. ஒன்றிலிருந்து மற்றது வரவில்லை. எங்கோ பனிநாட்டில் இருந்தவனும் இங்கே வெயிலில் இருந்தவனும் சன்னலில் முதலில் கண்டது காற்றைத்தான். இதை வகுப்பில் சொல்லிப் பாருங்கள், பிள்ளைகள் முகம் மலரும்.

மட்டனும் அப்படித்தான். 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்தார்கள். ஆடு மேய்த்தவன் பேசியது ஆங்கிலம், அதைச் சாப்பிட்ட பிரபு பேசியது பிரெஞ்சு. அதனால் பட்டியில் நிற்கும்வரை ஷீப், தட்டுக்கு வந்தால் மட்டன். கவ், பீஃப் ஆனதும் இதே கதைதான். நம்மூரில் வெள்ளாட்டுக் கறியையும் மட்டன் என்கிறோமே, அது தனிக்கதை!

இன்னொரு வகைச் செய்தியும் சுற்றுகிறது. 'கில்' என்பது நம் 'கொல்', ஆகவே ஆங்கிலமே தமிழிலிருந்து வந்தது என்று. ஓசை ஒத்திருந்தால் மட்டும் உறவாகிவிடாது. கட்டுமரத்துக்குச் சான்று இருக்கிறது. 1697இல் வெளியான வில்லியம் டாம்பியரின் பயண நூலில், சோழமண்டலக் கடற்கரையில் வழங்கும் பெயராகவே அது வருகிறது. சுருட்டு 'செரூட்' ஆனதும், மிளகுத்தண்ணீர் 'முலிகடானி' ஆனதும் அகராதிகள் ஒப்புக்கொண்டவை. இத்தனை இருக்கும்போது தமிழுக்குக் கள்ளக் கணக்கு எதற்கு?

அடுத்த முறை இப்படி ஒன்று வந்தால், எந்த நூல், எந்த ஆண்டு என்று அனுப்பியவரிடம் கேளுங்கள். கோபித்துக்கொண்டால் என் பெயரைச் சொல்லிவிடுங்கள்.