லலிதாஜியின் கணக்கு

விளம்பரம் விருந்தினனைப் போல வந்து வீட்டாரைப் போலத் தங்கிவிடுவது. நாம் அதனை அழைப்பதில்லை. ஆயினும் அது நம் கூடத்தில் அமர்ந்துகொண்டு, இன்ன பற்பசையைக் கொள்க, இன்ன மாவை வாங்குக என்று நமக்குப் புத்தி கூறுகின்றது. அப்புத்தியைக் கூறும் முகங்களை நாம் அன்றாடம் காண்கின்றோம். அவர்தம் பெயரை மட்டும் அறியோம். மேடையில் அரசனாக வேடமிட்டவனுக்குப் பெயருண்டு. திரைப்படத்தில் தோழியாக வந்தவளுக்கும் பெயருண்டு. அரை நிமிடத்தில் ஒரு நாட்டையே கவர்ந்த விளம்பர நடிகருக்கோ, அவர் விற்ற பொருளின் பெயரே பெயராகிவிடுகின்றது. அத்தகைய நிலையில் நின்றும் அதற்குள் அடங்கிவிடாத ஒரு நடிகையின் வாழ்க்கையை இவ்வாரம் வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகின்றோம். அவர் பெயர் கவிதா சௌத்ரி.

நம் தீவில் விளம்பரம் முதலில் குரலாகவே வீடு புகுந்தது. இலங்கை வானொலியின் வர்த்தக சேவை 1950 இல் தொடங்கிற்று. 1952 முதல் இங்கிருந்து ஒலித்த ‘பினாக்கா கீத்மாலா’ என்னும் இந்திப் பாடல் நிகழ்ச்சி, ஒரு பற்பசையின் பெயரைத் தாங்கியே இந்தியா முழுவதும் பரவிற்று. 1982 பெப்ரவரி 15 ஆம் நாள் ரூபவாஹினி ஒளிபரப்பைத் தொடங்கியபின் அக்குரலுக்கு முகமும் வாய்த்தது. அதே 1982 இல் இந்தியாவின் தூரதர்ஷன் வண்ண ஒளிபரப்பைத் தொடங்கிற்று. அவ்வண்ணத் திரையில்தான் கவிதா சௌத்ரி ‘லலிதாஜி’ ஆனார்.

அதன் பின்னணி ஒரு வியாபாரப் போர். இந்துஸ்தான் லீவர் நிறுவனம் 1959 இல் ‘சர்ஃப்’ என்னும் சலவைத் தூளை இந்தியாவில் அறிமுகம் செய்தது. விலை அதிகம், ஆகவே வசதி படைத்தோர் வீட்டிலேயே அது புழங்கிற்று. 1969 இல் அகமதாபாத்தைச் சேர்ந்த இரசாயன நிபுணர் கர்சன்பாய் பட்டேல் என்பார், தம் வீட்டுப் பின்புறத்தில் ஒரு தூளைத் தாமே கலந்து, சைக்கிளில் ஏற்றி வீடு வீடாகச் சென்று விற்கலானார். தம் மகள் நிருபமாவின் நினைவாக அதற்கு ‘நிர்மா’ என்று பெயரிட்டார். சர்ஃபின் விலையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே அதன் விலை. சில ஆண்டுகளில் நிர்மா நாடெங்கும் பரவ, பெரிய நிறுவனம் திகைத்து நின்றது.

விலையைக் குறைக்காமலே வாடிக்கையாளரை மீட்க வேண்டும். அப்பொறுப்பு லிண்டாஸ் விளம்பர நிறுவனத்தின் அலிக் பதம்சியிடம் வந்தது. ‘காந்தி’ திரைப்படத்தில் ஜின்னாவாக நடித்தவரும் இவரே. இவர் தம் தாயாரை நினைத்துப் பார்த்தார். காய்கறிக்காரரிடம் கடைசிக் காசுவரை பேரம் பேசும் அந்த அம்மையார், நல்ல பொருள் என்று கண்டால் அதிக விலை கொடுக்கவும் தயங்கமாட்டார். அந்தக் குணத்திலிருந்து பிறந்தவளே லலிதாஜி. வெள்ளைச் சேலை, நெற்றியில் பொட்டு, அசையாத பார்வை. சந்தையில் காய்கறியைப் பொறுக்கி எடுத்துக்கொண்டே அவள் பேசுவாள். மலிவான பொருள் வேறு, நல்ல பொருள் வேறு என்பாள். அரைக் கிலோ சர்ஃப், மலிவுத் தூள் ஒரு கிலோவுக்குச் சமம் என்று கணக்கும் காட்டுவாள். கெஞ்சமாட்டாள், சிரித்து மயக்கவும்மாட்டாள். விளம்பரத்துப் பெண் என்றால் சிரித்து நிற்பவள் என்றிருந்த காலத்தில், கணக்குப் பார்க்கும் ஒரு குடும்பத் தலைவி திரையில் தோன்றியது மக்களுக்குப் புதுமையாக இருந்தது.

இப்பாத்திரத்தை ஏற்ற கவிதா, டில்லியிலுள்ள தேசிய நாடகப் பள்ளியில் முறையாக நடிப்புக் கற்றவர். அரை நிமிடத்துக்குள் ஒரு முழு மனுஷியைக் காட்ட அவரால் முடிந்தது அப்பயிற்சியின் பயனே. ஆயின், அவ்வெற்றியிலேயே ஓர் ஆபத்தும் இருந்தது. வீதியில் கண்டோர் எல்லாரும் லலிதாஜி என்றே அழைப்பர். வேறு வேடத்தில் கண்டாலும் சலவைத் தூளே நினைவுக்கு வரும். புகழே ஒரு கூண்டாகிவிடுவது இத்துறையில் புதிதன்று. அக்கூண்டைத் திறக்கக் கவிதா பிறரை எதிர்பார்த்திருக்கவில்லை. தாமே எழுதலானார்.

அவர் எழுதி, இயக்கி, முதன்மைப் பாத்திரமேற்று நடித்த ‘உடான்’ என்னும் தொடர் 1989 முதல் 1991 வரை தூரதர்ஷனில் ஒளிபரப்பாயிற்று. ‘பறத்தல்’ என்பது அச்சொல்லின் பொருள். கல்யாணி என்னும் ஒரு பெண், குடும்பத்துக்கு நேர்ந்த அநீதியைக் கண்டு வளர்ந்து, தடைகளைக் கடந்து பொலிஸ் அதிகாரியாகும் கதை அது. அது வெறுங் கற்பனையன்று. கவிதாவின் உடன்பிறந்த தமக்கையாராகிய காஞ்சன் சௌத்ரி பட்டாச்சார்யாவின் வாழ்க்கையைத் தழுவியது. கிரண் பேடிக்கு அடுத்தபடியாக, 1973 ஆம் ஆண்டுத் தொகுதியில் இந்தியப் பொலிஸ் சேவையிற் சேர்ந்தவர் காஞ்சன். 2004 இல் உத்தராகண்ட் மாநிலத்தின் பொலிஸ் தலைமைப் பதவியை ஏற்றார். இந்தியாவில் ஒரு மாநிலத்தின் பொலிஸ் துறைக்குத் தலைமை தாங்கிய முதற் பெண் அவரே.

பெண்ணொருத்தி காக்கி உடை அணிவதை அக்காலத்து இந்தியக் குடும்பங்கள் பல கனவிலும் எண்ணியிரா. வீட்டுத் திரையில் கல்யாணியைக் கண்டபின்பே தமக்கும் அத்துணிவு வந்தது என்று பின்னாளிற் கூறிய பெண்கள் பலர். 2020 இல் தொற்றுநோய்க் காலத்தில் நாடே வீட்டுக்குள் முடங்கியிருந்தபோது அத்தொடர் மீண்டும் ஒளிபரப்பாயிற்று. காஞ்சன் 2019 இல் மறைந்தார். கவிதா 2024 பெப்ரவரி 15 ஆம் நாள் அமிர்தசரஸில், தமது 67 ஆம் வயதிற் காலமானார். மறுநாட் செய்திகள் அவரை இரண்டு பெயர்களால் நினைவுகூர்ந்தன: ஒன்று லலிதாஜி, மற்றொன்று கல்யாணி. முன்னதை நிறுவனம் அவருக்குக் கொடுத்தது. பின்னதை அவரே தேடிக்கொண்டார்.

இனி லலிதாஜியின் கணக்குக்கு வருவோம். அது சரியான கணக்குத்தானா? நம் சப்பிரகமுவத் தோட்டங்களில் பீலிக்கரையில் துணி துவைக்கும் பெண்களைக் கேட்டால் உடனே பதில் வரும். அரைக் கிலோவை ஒரே தடவையில் வாங்கப் பணமுள்ளவருக்கே அக்கணக்குச் செல்லும். கடையிற் பற்று வைத்து, சம்பள நாளில் தீர்த்து, மறுநாள் மீண்டும் பற்றுக்கு வாங்குபவர், கையிலுள்ள காசுக்குக் கிடைக்கும் சிறு பைக்கற்றையே வாங்குவார். அது அறியாமையன்று, முடை. இதனை அந்தப் பெரிய நிறுவனமும் பின்னர் உணர்ந்தது. லலிதாஜியின் பேச்சால் மட்டும் நிர்மாவை வெல்ல இயலாமல், ‘வீல்’ என்னும் மலிவுத் தூளைத் தானும் வெளியிட்டது. விளம்பரம் எவ்வளவு திறமையாகப் பேசினாலும், வறியவரின் மடியில் இல்லாத காசை உண்டாக்க அதனால் முடியாது.

எனினும், மலிவு வேறு, நன்மை வேறு என்ற அவ்வுண்மை பொய்யாகிவிடாது. சலவைத் தூளில் அன்று, பிள்ளைகளின் வாழ்வில் அதனைப் பொருத்திப் பார்க்க வேண்டுமென்பதே நம் கருத்து. இரத்தினபுரி, பலாங்கொடை, தெரணியகலை, எட்டியாந்தோட்டைப் பகுதித் தோட்டங்களில் இன்றும் நாம் காண்பது என்ன? சாதாரண தரப் பரீட்சை எழுதியதும், சில வேளை எழுதுமுன்னரே, பெண்பிள்ளையை ஆடைத் தொழிற்சாலைக்கோ கொழும்பில் வீட்டு வேலைக்கோ அனுப்பிவிடுகின்றார்கள். மாத முடிவிற் காசு வரும். கடைப் பற்றுத் தீரும். பெற்றோரைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. கொழுந்துக்கூடையும் பால்வாளியும் சுமந்து தேய்ந்த கைகளுக்கு அந்தக் காசின் அருமை தெரியும். ஆனால் அது அரைக் கிலோ விலைக்கு ஒரு கிலோ வாங்கிய கதை. நிறையக் கிடைத்தது போலத் தோன்றும், விரைவில் தீர்ந்துபோகும்.

இந்நாட்டில் 1945 முதல் இலவசக் கல்வி நடைமுறையில் உள்ளது. பாடசாலைக்குக் கட்டணம் இல்லை என்பது உண்மை. பஸ்ஸுக்கும் சப்பாத்துக்கும் பயிற்சிக் கொப்பிக்கும் செலவுண்டு என்பதும் உண்மை. உயர்தரம் படிக்க ஆகும் அந்த இரண்டு ஆண்டுச் செலவைப் பெற்றோர் மட்டும் சுமக்கத் தேவையில்லை. கோயிற் பரிபாலன சபையும், தோட்டத்து இளைஞர் மன்றமும், முன்னரே படித்து உத்தியோகம் பெற்றவர்களும் ஒரு பிள்ளையின் பஸ் கட்டணத்தையாவது ஏற்கலாம். திருவிழாவுக்குச் சோடனை செய்யும் செலவில் ஒரு பங்கு அதற்குப் போதும்.

மாணவியருக்கு ஒரு சொல். நடிப்பானாலும் பொலிஸ் சேவையானாலும் ஆசிரியத் தொழிலானாலும், பயின்று பெற்ற திறமையை ஒருவராலும் பறிக்க முடியாது. கவிதா சௌத்ரி ஒரு பொருளை விற்கத் தம் முகத்தைக் கொடுத்தார். ஆனால் தம் திறமை முழுவதையும் அதற்கே கொடுத்துவிடவில்லை. மிச்சமிருந்த திறமையால் தம் தமக்கையின் கதையை நாடறியச் செய்தார். உங்கள் அக்கா தங்கையரிடத்தும் சொல்லத்தக்க கதைகள் உண்டு. அவை எழுதப்படுவதற்கு முதலில் நீங்கள் பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டும்.