சாம்பல் காத்த வேரும் விதையும்

திருப்பத்தூரில் இருந்து மலையேறினால் புதூர்நாடு, புங்கம்பட்டுநாடு, நெல்லிவாசல்நாடு என்று மூன்று ஊராட்சிகள். ஜவ்வாது மலையின் இந்தப் பக்கம் போனவர்களுக்குச் சாமைக் கொல்லைகள் ஞாபகம் இருக்கும். நெல்லிவாசல்நாட்டில் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது, அந்த வீட்டுப் பாட்டி ஒரு பானையைத் திறந்து காட்டினார். உள்ளே அடுப்புச் சாம்பல் கலந்த சாமை விதை.

"எங்க மாமியா குடுத்த வெத கண்ணு. சாம்பல் இருந்தா பூச்சி அண்டாது" என்றார்.

எனக்கு ஒரு தீவு நினைவுக்கு வந்தது. கிரேக்க நாட்டின் சாண்டோரினி. வெள்ளைச் சுவர், நீலக் கூரை என்று படங்களில் பார்த்திருப்பீர்கள். சுமார் 3,600 ஆண்டுகளுக்கு முன் அங்கே எரிமலை வெடித்து, தீவே சாம்பலால் மூடிப்போனது. அந்தச் சாம்பல் மண்ணில்தான் இன்று திராட்சை விளைகிறது. மழை குறைவு, காற்று பலம். அதனால் பந்தல் கிடையாது. கொடியைத் தரையோடு கூடை மாதிரி சுற்றி வளைத்துவிடுகிறார்கள். பழம் கூடைக்குள் பத்திரமாக இருக்கும். கடலில் இருந்து வரும் பனிமூட்டம் கொஞ்சம் ஈரம் தரும்.

19-ம் நூற்றாண்டில், அமெரிக்காவில் இருந்து வந்த ஃபைலோக்சரா என்ற வேர்ப்பூச்சி ஐரோப்பாவின் திராட்சைத் தோட்டங்களை அழித்தது. இன்றும் அங்கே பெரும்பாலான கொடிகள் அமெரிக்க வேரில் ஒட்டுக் கட்டியவைதான். சாண்டோரினி கொடிகளோ சொந்த வேரில் நிற்கின்றன. களிமண் இல்லாத சாம்பல் மண்ணில் அந்தப் பூச்சியால் பிழைக்க முடியவில்லை. கொடி மூப்படைந்தால் மேலே வெட்டிவிடுவார்கள். பழைய வேரில் இருந்து மறுபடி துளிர்க்கும். தாத்தா வெட்டிவிட்ட கொடியில் பேரன் பழம் பறிக்கலாம்.

இயற்கை முறையில் ஒயின் செய்பவர்கள் கடையில் ஈஸ்ட் வாங்கிச் சேர்ப்பதில்லை. பழத்தோலிலும் செய்யும் இடத்திலும் இருக்கும் நுண்ணுயிர்களே சாற்றை நொதிக்க வைக்கின்றன. மதுவுக்கு சிபாரிசு செய்வதாக நினைக்காதீர்கள்! நம் இட்லி மாவுக்கும் யாரும் ஈஸ்ட் போடுவதில்லையே. பாட்டி வீட்டில் ராத்திரி தண்ணீர் ஊற்றி வைத்த சாமைச் சோறும் காலையில் தானாகவே புளித்திருந்தது. மோர் ஊற்றி, சின்ன வெங்காயம் கடித்துக்கொண்டு சாப்பிட்டேன்.

சாண்டோரினியில் இப்போது திராட்சைக்குப் போட்டி ஹோட்டல்கள். சுற்றுலா வளர வளர, தோட்டங்கள் சுருங்குகின்றன. நெல்லிவாசல்நாட்டுக்கு அந்தப் பிரச்னை இல்லை. இங்கே கொல்லை இருக்கிறது, வருமானம்தான் போதவில்லை. சாமை மழையை நம்பிய பயிர். உமி நீக்குவது பெரிய வேலை. நீக்காமல் விற்றால் விலை குறைவு. நகரத்தில் நாம் கொடுக்கும் விலைக்கும் மலையில் அவர்கள் வாங்கும் விலைக்கும் நடுவே அந்த உமிதான் நிற்கிறது.

கொல்லை சோறு போடாதபோது பிள்ளைகள் கூலிக்கு இறங்கிவிடுகிறார்கள். 2015 ஏப்ரல் 7-ம் தேதி, ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டப் போனதாகச் சொல்லி 20 பேர் போலீஸாரால் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். அவர்களில் ஜவ்வாது மலைக்காரர்களும் உண்டு. கூலிக்காக மலையிறங்கியவர்கள் உயிரோடு வீடு திரும்பவில்லை.

அடுத்த முறை சாமை வாங்கும்போது, 'எந்த ஊர் சாமை? உமி எங்கே நீக்கியது?' என்று கடைக்காரரிடம் கேளுங்கள். மலையிலேயே உமி நீக்கி விற்கும் பெண்கள் குழுக்களிடம் நேரடியாக வாங்க முடிந்தால் இன்னும் நல்லது. அந்தக் கூலியாவது மலையில் தங்கும்.

கிளம்பும்போது பாட்டியிடம் கேட்டேன். "இந்தப் பானையை அடுத்து யாருக்குக் குடுப்பீங்க?"

"பேரன் திருப்பூர்ல இருக்கான். வருவான்" என்று சொல்லிவிட்டுப் பானையை மூடினார்.