அட்வான்ஸ் கட்டினாதான் ட்ரீட்மென்ட்டா? ராஜஸ்தான்ல என்ன நடந்துச்சுன்னு தெரிஞ்சுக்கோங்க

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையா படிங்க.

நான் காலேஜ் மூணாவது வருஷம் படிக்கும்போது, ஒருநாள் ராத்திரி பதினோரு மணிக்கு என் ரூம்மேட் பைக்ல இருந்து விழுந்துட்டான். பக்கத்துல இருந்த தனியார் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினோம். ஸ்ட்ரெச்சர்ல படுக்க வெச்சதுமே கேட்ட முதல் கேள்வி, "அட்வான்ஸ் யாரு கட்டுறீங்க?" அவங்க கேட்டது 40 ஆயிரம். நாலு பேர் அக்கவுன்ட்டையும் தொடைச்சு எடுத்தும் வரல. ஒரு சீனியர் அண்ணன் வந்து கார்டைத் தேய்க்கிற வரைக்கும் அவன் அந்த ஸ்ட்ரெச்சர்லயேதான் கிடந்தான். இப்போ நல்லா இருக்கான், போன மாசம் கல்யாணப் பத்திரிகை அனுப்பினான். ஆனா அந்த அரை மணி நேரம் எங்க யாருக்கும் மறக்காது.

அந்த அரை மணி நேரத்தைச் சட்டம் போட்டு ஒழிக்க முயற்சி பண்ணின மாநிலம் ராஜஸ்தான். 2023 மார்ச் 21 அன்று அங்கே சுகாதார உரிமை மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியது. அப்போ முதலமைச்சர் அசோக் கெலாட். எந்தக் கட்சி கொண்டு வந்துச்சுங்கிறதை விடுங்க. மசோதாவுல என்ன இருந்துச்சுன்னு பார்ப்போம்.

விபத்து, பாம்புக்கடி, விலங்குக்கடி மாதிரி அவசர நிலையில் வர்ற நோயாளிக்கு, முன்பணம் கேட்காம முதல்ல சிகிச்சை கொடுக்கணும். போலீஸ் வரட்டும், பேப்பர் வரட்டும்னு தாமதிக்கக் கூடாது. நோயாளியால பணம் கட்ட முடியலன்னா, அந்தச் செலவை மாநில அரசு ஆஸ்பத்திரிக்குத் திருப்பிக் கொடுக்கும். இன்னொரு தடவை படிங்க: ஓசியில வைத்தியம் பாருன்னு எந்த ஆஸ்பத்திரியையும் சொல்லல. முதல்ல உயிரைப் பாரு, பில்லை நாங்க பார்த்துக்கிறோம்னுதான் அரசு சொல்லுச்சு.

மீறினா என்ன தண்டனை? ஜெயிலா? இல்ல. முதல் தடவை 10,000 ரூபாய் வரைக்கும் அபராதம். அடுத்தடுத்த தடவைக்கு 25,000 வரைக்கும். பெரிய ஆஸ்பத்திரி ஐசியூவில் நாலு நாள் படுத்தா வர்ற பில்லை விட இது கம்மி!

இதுக்குத்தான் "தனியார் மருத்துவத்தையே அழிக்கப் பார்க்கிறாங்க"ன்னு கொந்தளிச்சாங்க. ரெண்டு வாரத்துக்கும் மேல தனியார் ஆஸ்பத்திரிகள் ஸ்ட்ரைக். இந்திய மருத்துவச் சங்கமும் ஆதரவுக்கு வந்துச்சு. ஜெய்ப்பூர்ல டாக்டர்கள் மேல போலீஸ் தண்ணியைப் பீய்ச்சி அடிச்சது. அது தப்பு, அதுல ரெண்டு பேச்சு இல்ல.

டாக்டர்கள் கேட்டதுல நியாயமும் இருந்துச்சு. எது அவசரம், எது அவசரம் இல்லன்னு தெளிவா எழுதல. அரசுகிட்ட இருந்து பணம் எப்போ வரும், எவ்வளவு வரும்னும் தெளிவில்ல. காப்பீட்டுத் திட்ட பில்லுக்கு மாசக்கணக்குல காத்திருக்கிற சின்ன நர்சிங்ஹோம்காரரைக் கேளுங்க, அவர் வயித்தெரிச்சல் புரியும். பத்துப் படுக்கை வெச்சுக்கிட்டு, பேங்க் லோன் கட்டிக்கிட்டு இருக்கிறவரை நாம எதிரியா பார்க்கவே கூடாது.

சரி, ஸ்ட்ரைக் எப்படி முடிஞ்சுது? இங்கதான் விஷயமே இருக்கு.

ஏப்ரல் 4 அன்று அரசும் டாக்டர்களும் எட்டு அம்ச உடன்பாட்டுக்கு வந்தாங்க. 50 படுக்கைக்குக் கீழே இருக்கிற தனியார் ஆஸ்பத்திரிகளுக்கு விலக்கு. சரி, அது சின்னவங்களுக்கான சலுகை, ஒத்துக்கலாம். அதோட இன்னொண்ணும் வந்துச்சு: அரசுகிட்ட இருந்து சலுகை விலையில நிலமோ கட்டடமோ வாங்காம கட்டின தனியார் ஆஸ்பத்திரிகளுக்கும் விலக்கு.

இதுல படுக்கைக் கணக்கே கிடையாது. 500 படுக்கை இருக்கலாம், அரசு நிலம் வாங்கலன்னா போதும், வெளியே வந்துடலாம். மிச்சம் மாட்டினது தனியார் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகள், அரசோட கூட்டா நடக்கிறவை, சலுகை நிலம் வாங்கினவை, அந்த மாதிரி டிரஸ்ட் ஆஸ்பத்திரிகள், அவ்வளவுதான். தண்ணியில நனைஞ்சு ரோட்ல நின்னது சின்ன டாக்டர். அவர் பின்னாடி நின்னு நனையாம வெளியே போனது பெரிய முதலாளி.

வியாபார லாபி வேலை செய்யற விதமே இதுதான். எங்க லாபம் குறையும்னு யாரும் போஸ்டர் அடிக்க மாட்டாங்க. பரிதாபமா தெரியற ஒரு முகத்தை முன்னாடி நிறுத்துவாங்க. டிசைன் போடற பையன்ங்கிற முறையில சொல்றேன், அந்த கிரியேட்டிவ்தான் எப்பவும் நல்லா ஷேர் ஆகும்.

கர்நாடகாவிலும் 2017ல இதைப் பார்த்தோம். தனியார் ஆஸ்பத்திரிக் கட்டணத்துக்கு வரம்பு வைக்கத் திருத்த மசோதா வந்துச்சு. நவம்பர்ல ஸ்ட்ரைக். நிறைவேறின வடிவத்துல, வரம்பு அரசுத் திட்டங்கள்ல வர்ற நோயாளிகளுக்கு மட்டும்னு சுருங்கிப் போச்சு.

இன்னொண்ணு. அவசரத்துல வந்தவரைக் காப்பாத்தணும்ங்கிற கடமை ராஜஸ்தான் புதுசா கண்டுபிடிச்சது இல்ல. 1989லயே பரமானந்த் கட்டாரா வழக்குல உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு: அரசு டாக்டரோ தனியார் டாக்டரோ, உயிரைக் காப்பாத்தறதுதான் முதல் கடமை, சட்ட நடைமுறையெல்லாம் அப்புறம். ராஜஸ்தான் புதுசா சேர்த்தது, அந்தச் செலவுக்கு அரசு பொறுப்புங்கிறதை. அதாவது ஆஸ்பத்திரிக்குச் சாதகமான பகுதியை!

இது நடைமுறைக்கு ஒத்துவராதுன்னு சொல்றவங்க நம்ம ஊரைப் பாருங்க. 2021 டிசம்பர்ல தொடங்கின நம்மைக் காக்கும் 48 திட்டத்துல, சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை, ஆரம்பத்துல ஒரு லட்சம் ரூபாய் வரைக்கும், அரசே ஏத்துக்கிச்சு. தனியார் ஆஸ்பத்திரிகளும் அதுல இருக்கு. யாரும் இழுத்து மூடிட்டுப் போகல. ஆனா அது திட்டம், அதுவும் சாலை விபத்துக்கு மட்டும். நெஞ்சு வலின்னு வர்றவருக்குச் சட்டப்படி என்ன உரிமை இருக்கு? கேட்க வேண்டிய கேள்வி அது.

ராஜஸ்தான் சட்டத்துக்கு ஆளுநர் ஒப்புதல் ஏப்ரல்லயே கிடைச்சுது. ஆனா அதைச் செயல்படுத்த வேண்டிய விதிகள் வரல. டிசம்பர்ல ஆட்சி மாறிடுச்சு. சட்டம் பேப்பர்ல இருக்கு, கவுன்டர்ல அதே கேள்வி இருக்கு.

உங்களுக்கோ உங்க வீட்டுக்கோ எமர்ஜென்சி நேரத்துல அட்வான்ஸ் கேட்டு லேட் பண்ணின அனுபவம் இருந்தா, மாவட்டம், தேதி, கேட்ட தொகை, எவ்வளவு நேரம் காத்திருந்தீங்கங்கிறதை மட்டும் இன்பாக்ஸ்ல அனுப்புங்க. ரசீது இருந்தா போட்டோ எடுத்துப் போடுங்க. நோயாளி பேரும் போன் நம்பரும் கட்டாயம் மறைச்சிடுங்க. கமென்ட்ல எந்த டாக்டரையும் பேர் சொல்லித் திட்ட வேண்டாம், அப்படி வந்தா டெலிட் பண்ணிடுவோம். மாவட்ட வாரியா தொகுத்து நம்ம சட்டமன்ற உறுப்பினர்கள் கையில கொடுக்கறது எங்க டீமோட வேலை.

#முதல்லஉயிர் #அப்புறம்பில்