மலையில்லா மண்ணின் தண்ணீர்



மொரோக்கோ நாட்டின் அட்லஸ் மலைத்தொடரில் துப்கால் என்ற சிகரம் 4167 மீற்றர் உயரமானது. மாரியில் அங்கே உறையும் பனி உருகி, ஆறாக இறங்கி, மராக்கேஷ் சமவெளியின் வயல்களை நனைக்கிறது. மலைதான் அவர்களின் தண்ணீர்த் தாங்கி.

நமது யாழ்ப்பாணக் குடாநாட்டில் மலையும் இல்லை, வற்றாத ஆறும் இல்லை. கீரிமலை பெயரில்தான் மலை. வழுக்கையாறு மழைகாலத்தில் மட்டும் ஓடும். அப்படியானால் நம் கிணறுகளுக்கு நீர் எங்கிருந்து வருகிறது?

காலடியில் உள்ள சுண்ணக்கல்லிலிருந்துதான். மயோசீன் காலத்தில் கடலடியில் படிந்த இந்தக் கல்லில் வெடிப்புகளும் துவாரங்களும் நிறைய உண்டு. மாரிமழை அதனுள் இறங்கி, கடலிலிருந்து ஊடுருவிய உப்புநீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால், கீழே சுமார் 40 அடி நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. மேலே 1 அடி குறைந்தால், நாளடைவில் கீழிருந்து உப்பு 40 அடி ஏறிவிடும். நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உப்புநீரும் இருப்பது இதனால்தான்.

மழையை உள்ளே விடும் அதே துவாரங்கள், தோட்டத்து யூரியாவையும் மலசலகூடக் குழியின் கழிவையும் உள்ளே விடுகின்றன. அவற்றிலிருந்து வரும் நைத்திரேற்றுக்கு நிறமோ மணமோ கிடையாது. தாய்மார்கள் ஒன்றைக் கவனியுங்கள்: கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. நீர் வற்ற வற்ற அது இன்னும் செறிவாகும். அந்த நீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால், ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் சக்தியை இழந்து, உதடு நீலம் பாரிக்கலாம். உலக சுகாதார நிறுவனம் விதித்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம்.

1990 ஒக்டோபரில் இம்மண்ணிலிருந்து வெளியேற்றப்பட்டு, 2009க்குப் பின் திரும்பிய நம் குடும்பங்கள் பல காலம் மூடிக்கிடந்த கிணறுகளைத் திறந்தன. அப்படிப்பட்ட கிணற்றை இறைத்துத் துப்புரவாக்கினால் மட்டும் போதாது. நீரைப் பரிசோதித்த பிறகே குழந்தைக்குக் கொடுங்கள். குழியைக் கிணற்றிலிருந்து இயன்றவரை தூரத்தில் அமையுங்கள். மோட்டாரை ஓடவிட்டு மறந்துவிடாதீர்கள்.

நபி (ஸல்) அவர்கள் ஒரு 'முத்து', அதாவது இரு கை நிறைய அள்ளும் அளவு நீரில் வுழூச் செய்தார்கள் என்பது ஸஹீஹான ஹதீஸ். குழாயைத் திறந்துவிட்டு வுழூச் செய்யும் நம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுங்கள். அவர்கள் மிச்சம் பிடிக்கும் நீர் அடுத்த வீட்டுக் கிணற்றுக்கும் உரியது. கல்லுக்கடியில் வேலி இல்லை.